காற்று இருந்தும் மூச்சு முட்டுவது ஏன்?

கூட்டம் நிறைந்த கல்யாண மண்டபத்தில் கரண்ட் போகிறது. மின்விசிறிகள் நின்று ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, நாலு பக்கமிருந்தும் ஒரே புலம்பல்: "காத்தே இல்ல, மூச்சு முட்டுது." கதவும் ஜன்னலும் முன்போலவே திறந்துதான் கிடக்கின்றன. மின்விசிறி சுற்றியபோதும் வெளியிலிருந்து புதுக் காற்றை அது கொண்டுவரவில்லை, உள்ளே இருந்ததையே கிளறிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் இந்த ஐந்து நிமிடத்தில் குறைந்துபோனது எது?

ஹாட் யோகா பழகப் போகிறவர்களுக்கு இதே கேள்வி இன்னும் கடுமையாக வருகிறது. கொல்கத்தாவில் யோக ஆசிரியர் விஷ்ணு சரண் கோஷிடம் பயின்று, 1970களில் அமெரிக்கா போன பிக்ரம் சௌத்ரி பரப்பிய முறை இது. அறையை 40.6 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, ஈரப்பதத்தை 40 சதவீதத்தில் வைத்து, 90 நிமிடத்தில் 26 ஆசனங்களும் இரண்டு மூச்சுப் பயிற்சிகளும் செய்வார்கள். (அவர்மீது பின்னாளில் எழுந்த பாலியல் குற்றச்சாட்டுகளும் வழக்குகளும் தனிக் கதை. ஆசனங்களின் வரிசைக்குப் பதிப்புரிமை கிடையாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் சொல்லிவிட்டதால், முறையை வைத்துக்கொண்டு பெயரை விட்டுவிட்ட கூடங்கள் இன்று பல.) மே மாதத்துச் சென்னையில் இருப்பவருக்குப் பணம் கட்டி அறையைச் சூடாக்கிக்கொள்வது வேடிக்கையாகப் படலாம். பனிக்கால நியூயார்க்கில் இருப்பவருக்கு அப்படிப் படாது.

அப்படியொரு வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர் ஓடவில்லை, எடை தூக்கவில்லை. ஒற்றைக்காலில் நிற்கிறார், அவ்வளவுதான். ஆனால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. ஆசிரியர் "நல்லா ஆழமா மூச்சு விடுங்க" என்கிறார். விடுகிறார். கிறுகிறுப்பு கூடுகிறது.

ஆக்சிஜன் மீது பழி

முதல் சந்தேகம் எல்லாருக்கும் ஆக்சிஜன் மீதுதான். சூடான காற்று விரிந்து லேசாகிவிடுகிறது, அதனால் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு என்ற விளக்கத்தைப் பயிற்சிக் கூடங்களிலேயே கேட்கலாம். தவறு என்று தள்ளிவிட முடியாது. ஆனால் எவ்வளவு குறைகிறது? 25 டிகிரி அறையோடு ஒப்பிட்டால் 40 டிகிரி அறையில் ஒரு லிட்டர் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் ஐந்தாறு சதவீதம் குறைவு. ஊட்டியில் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஊட்டிக்குப் போனவர்கள் மூச்சு முட்டுகிறது என்று திரும்பி வருவதில்லை, "என்ன சுகமான காத்து" என்றுதான் சொல்கிறார்கள்.

ரத்தத்தின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஆக்சிஜன் மீது குற்றமில்லை. ஆரோக்கியமான ஒருவர் சாதாரணமாக மூச்சு விடும்போதே நுரையீரலை விட்டுக் கிளம்பும் ரத்தம் 97, 98 சதவீதம் ஆக்சிஜன் நிரம்பித்தான் கிளம்புகிறது. இன்னும் எவ்வளவு இழுத்தாலும் ஏற்றிக்கொள்ள அங்கே இடமில்லை. பிராணாயாமம் செய்தால் உடம்பில் ஆக்சிஜன் பொங்கி வழியும் என்ற நம்பிக்கையை யோகத்துக்குள் இருந்தபடியே கேள்வி கேட்டவர் சுவாமி குவலயானந்தர். 1924இல் லோனாவாலாவில் கைவல்யதாமத்தைத் தொடங்கி, மூச்சுப் பயிற்சியை ஆய்வகக் கருவிகளோடு அளந்து பார்த்தவர். பிராணாயாமத்தின் பயனை ஆக்சிஜனில் தேட வேண்டியதில்லை என்பது அவர் கட்சி. அவர் சொல்லி நூறாண்டு நெருங்குகிறது, விளம்பரங்களுக்கு இன்னும் அந்தச் செய்தி எட்டவில்லை.

பெட்டிக்குள் மாணவர்கள்

ஆக்சிஜன் இல்லையென்றால் வேறு எது? ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் (இன்று போலந்தின் விரோச்வாஃப்) கார்ல் ஃப்ளூகே என்ற சுகாதாரப் பேராசிரியரின் குழு 1905இல் ஒரு சோதனை செய்தது. காற்றுப் புகாத ஒரு பெட்டி அறையில் ஆளை உட்கார வைத்து மூடிவிடுவார்கள். நேரம் போகப் போக உள்ளே சூடும் ஈரமும் ஏறும், அவர் வெளிவிட்ட மூச்சும் சேரும், அவர் தவிக்கத் தொடங்குவார். இப்போது ஒரு குழாய் வழியாக அவருக்கு வெளிக்காற்றைக் கொடுத்தார்கள். உடம்பு உள்ளே, மூச்சு மட்டும் சுத்தமான வெளிக்காற்று. தவிப்பு தணியவில்லை. பிறகு தலைகீழாக, வெளியே நிற்கும் ஒருவரைக் குழாய் வழியாகப் பெட்டிக்குள்ளிருக்கும் 'கெட்ட' காற்றைச் சுவாசிக்கச் சொன்னார்கள். அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை.

லண்டனில் லெனார்ட் ஹில் இதையே கூட்டமாகச் செய்து பார்த்தார். ஒரு சிறிய அறைக்குள் ஏழெட்டு மாணவர்களை அடைத்தார். முதலில் சிரிப்பும் கும்மாளமும். போகப் போகப் பேச்சு நின்றது, முகம் சிவந்து வேர்த்து ஊற்றியது. ஒருவர் சிகரெட் பற்ற வைக்கப் பார்த்தால் தீக்குச்சி எரியவில்லை, அந்த அளவுக்கு ஆக்சிஜன் இறங்கியிருந்தது. அப்போது ஹில் கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்த மின்விசிறிகளைப் போட்டார், அவ்வளவுதான். அதே காற்று, அதே ஆக்சிஜன். மாணவர்களுக்கு உயிர் வந்தது.

மூச்சு முட்டுகிறது என்று நாம் சொல்லும் அந்தத் தவிப்பில் பெரும்பங்கு நுரையீரலிலிருந்து வருவதில்லை. தோலிலிருந்து வருகிறது. தோலை ஒட்டியிருக்கும் காற்று சூடாகி, ஈரத்தில் ஊறி, அசையாமல் நின்றுவிட்டால் வியர்வை ஆவியாக முடியாது. உடம்புக்குள் உண்டாகும் வெப்பம் போக வழியின்றி நிற்கிறது. அந்த அவஸ்தையைக் காற்றுப் பற்றாக்குறை என்று மனம் படித்துக்கொள்கிறது. மண்டபத்தில் குறைந்துபோனதும் காற்றின் அசைவுதான்.

1905இல் இன்னொருவர்

அதே 1905இல் இங்கிலாந்தில் ஜான் ஸ்காட் ஹால்டேன் இரண்டு வேலைகளை முடித்திருந்தார். ஹாட் யோகா அறையைப் புரிந்துகொள்ள இரண்டுமே நமக்கு வேண்டும். (இவர் மகன் ஜே.பி.எஸ். ஹால்டேன்தான் 1957இல் கொல்கத்தாவுக்குக் குடிவந்து, 1964இல் புவனேசுவரத்தில் காலமான மரபியலாளர்.)

முதல் வேலை, வெப்பம் பற்றியது. கார்ன்வால் பகுதியின் ஆழமான சுரங்கங்களில் இறங்கி, தன் உடல் வெப்பத்தையே அளந்து பார்த்தார். எந்தச் சூட்டை மனிதன் தாங்குவான் என்பதைச் சாதாரண வெப்பமானி சொல்லவில்லை. குமிழைச் சுற்றி ஈரத்துணி கட்டிய வெப்பமானி சொன்னது. அதில் தெரிவதை 'ஈரக்குமிழ் வெப்பநிலை' என்போம். ஈரமான ஒரு பொருள் ஆவியாதலால் எவ்வளவு தூரம் குளிர முடியும் என்பதன் அளவு அது. வேர்த்த உடம்பும் ஈரமான பொருள்தானே. காற்று அசையாத இடத்தில் ஈரக்குமிழ் 31 டிகிரியைத் தாண்டினால், சட்டையில்லாமல் சும்மா இருப்பவரின் உடல் வெப்பம்கூட ஏறிக்கொண்டே போகும் என்று கண்டார். வேலை செய்கிறவருக்கு எல்லை இன்னும் கீழே.

பிக்ரம் முறைப்படி அறை சரியாக 40.6 டிகிரி, 40 சதவீத ஈரம் என்று இருந்தால் ஈரக்குமிழ் சுமார் 29. எல்லைக்கு உள்ளேதான், சும்மா இருப்பவருக்கு. ஆனால் முப்பது பேர் ஒரு மணி நேரம் வேர்த்த அறையில் ஈரம் 40இலேயே நிற்குமா? 55 ஆகிவிட்டால், வெப்பமானி அதே 40.6ஐக் காட்டிக்கொண்டிருக்க, ஈரக்குமிழ் 32ஐத் தாண்டிவிடும். சுவரில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்து ஆசிரியர் திருப்தி அடைவதில் அர்த்தமில்லை. ஈரப்பதத்தைக் காட்டும் ஈரமானியைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வேலை, ஜே.ஜி. பிரீஸ்ட்லியோடு சேர்ந்து செய்தது. அடுத்த மூச்சை எப்போது, எவ்வளவு எடுப்பது என்று எது முடிவு செய்கிறது? ஆக்சிஜன் குறைவதால் மூச்சு வருகிறது என்றுதான் நாம் நினைப்போம். சாதாரண நிலையில் அந்த முடிவு கரியமில வாயுவின் கையில் இருக்கிறது என்று இருவரும் காட்டினார்கள். ரத்தத்தில் அது சற்றே ஏறினாலும் மூளைத்தண்டு மூச்சைக் கூட்டுகிறது, இறங்கினால் குறைக்கிறது. கழிவு என்று பள்ளிக்கூடத்தில் படித்த வாயுவை உடம்பு கவனமாக ஓர் அளவில் வைத்துப் பேணுகிறது. அந்த அளவு, ரத்தத்தில் 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். மூச்சை அதிகமாக விட்டு இதை 30க்கு இறக்கினால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கி, ரத்த ஓட்டம் ஏறத்தாழ கால் பங்கு குறைந்துவிடும். கிறுகிறுப்பு, உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு எல்லாம் அங்கிருந்து வருபவை.

உடல் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டி ஏறும்போது இந்தக் காவலை வெப்பம் மீறிவிடுகிறது. கரியமில வாயு போதுமான அளவு வெளியேறிய பிறகும், சூடேறிய மூளை இன்னும் மூச்சு விடு என்றே தூண்டுகிறது. ஹாட் யோகா அறையில் மூச்சு கற்பது என்றால் இந்தத் தூண்டுதலோடு பழகுவதுதான்.

ஒரு நிமிடத்து மூச்சுக் கணக்கு

கூட்டல் கழித்தல் மட்டும் தெரிந்தால் போதும், கணக்கே போட்டுப் பார்த்துவிடலாம்.

அமைதியாக இருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 12 முறை, ஒவ்வொரு முறையும் 500 மில்லி காற்றை இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 6 லிட்டர். ஆனால் இது முழுவதும் வேலைக்கு ஆவதில்லை. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய், அதன் கிளைகள் ஆகிய பாதையில் 150 மில்லி எப்போதும் தேங்கிவிடும். தோட்டத்து ரப்பர் குழாயைத் திறந்தால் முதலில் வருவது உள்ளே ஏற்கெனவே கிடந்த தண்ணீர் அல்லவா, அதுபோல ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலின் நுண்ணறைகளுக்கு முதலில் போவது முந்தைய மூச்சின் மிச்சம்தான். இதை 'வழிக்காற்று' என்று அழைப்போம். 500இல் 150 போக 350 மில்லிதான் புதுக் காற்று. பன்னிரண்டு மூச்சுக்கு 4.2 லிட்டர். ஓய்வில் இருப்பவரின் கரியமில வாயுவைச் சரியான அளவில் வைத்திருக்க இது போதும். இந்த 4.2ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதியவர் அறைக்குள் வருகிறார். பதற்றத்தில் நெஞ்சு மட்டும் மேலும் கீழும் போகும் சின்னச் சின்ன மூச்சு, நிமிடத்துக்கு 24 தரம், 250 மில்லி வீதம். மொத்தம் அதே 6 லிட்டர்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் வழிக்காற்று 150 போக மிஞ்சுவது 100. ஆக 2.4 லிட்டர். கரியமில வாயு தேங்குகிறது, 'காற்று பத்தவில்லை' என்ற உணர்வு வருகிறது. இந்த உணர்வு உண்மையானது.

அதனால் வாயைத் திறந்து இரைக்கத் தொடங்குகிறார். நிமிடத்துக்கு 30 தரம், 600 மில்லி. மொத்தம் 18 லிட்டர், நுண்ணறைகளுக்குப் போவது 13.5 லிட்டர். ஓய்வுத் தேவையைப் போல மூன்று மடங்குக்கு மேல். கடினமான ஆசனத்தில் நிற்கும்போது இதனால் கெடுதல் இல்லை, ஏனென்றால் தசைகள் அப்போது கரியமில வாயுவைக் கூடுதலாக உண்டாக்குகின்றன. சிக்கல் ஆசனம் முடிந்து சவாசனத்தில் படுக்கும்போது வருகிறது. தசை ஓய்ந்துவிட்டது, தேவை 4.2ஐ நோக்கி இறங்குகிறது. வெப்பத்தின் தூண்டுதலால் மூச்சு மட்டும் 13.5இலேயே ஓடுகிறது. கரியமில வாயு சரசரவென்று வெளியேறுகிறது. "ஆசனத்துல நல்லாதான் இருந்தேன், படுத்ததும் தலை சுத்துது" என்று பலர் சொல்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

சரி, மெதுவாக விட்டால்? நிமிடத்துக்கு 6 மூச்சு, ஒவ்வொன்றும் 850 மில்லி. மொத்தம் 5.1 லிட்டர்தான், முதல் கணக்கைவிடக் குறைவு. வழிக்காற்று போக 700, ஆறு மூச்சுக்கு 4.2. குறைந்த காற்றை நகர்த்தி, பாதி தடவை மட்டும் மூச்சு இழுத்து, தேவையான அதே அளவு கிடைத்துவிட்டது.

இதோடு நிறுத்தினால் 'மெதுவாக, ஆழமாக' என்ற பழைய அறிவுரைக்கே வந்து சேர்ந்ததுபோல் ஆகிவிடும். இன்னொரு கணக்கு பாக்கி இருக்கிறது. பிக்ரம் வரிசை தொடங்குவதே நின்றபடி செய்யும் ஆழ்மூச்சுப் பயிற்சியில்தான். முகவாய்க்குக் கீழே கைவிரல்களைக் கோத்து, ஆறு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட வேண்டும். ஓர் எண்ணுக்கு ஒரு நொடி என்றால் நிமிடத்துக்கு ஐந்தே மூச்சு, ரொம்ப மெதுவுதான். ஆனால் 'முடிந்தவரை நிரப்பு' என்ற கட்டளைக்கு இணங்கி இரண்டரை லிட்டர் இழுத்தால், வழிக்காற்று போக 2,350 மில்லி, ஐந்து மூச்சுக்கு 11.75 லிட்டர். சும்மா நிற்பவருக்குத் தேவையானதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு! இன்னும் ஓர் ஆசனம்கூடத் தொடங்கவில்லை, அதற்குள் தலை லேசாவது சிலருக்கு ஏன் என்பது இப்போது விளங்கும். அது 'பிராண சக்தி ஏறுவது' என்று யாராவது சொன்னால், 11.75ஐ நினைத்துக்கொள்ளலாம். மெதுவாக இழுத்தாலும் அளவு மிஞ்சக் கூடாது.

நாய்க்கு ஆகும், நமக்கு ஆகாது

இரைத்தால் உடம்பு குளிராதா? நாய் அதைத்தானே செய்கிறது? நாய் இரைக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 தரம், மிகச் சின்ன மூச்சாக, பெரும்பாலும் வழிக்காற்றை மட்டும் ஆட்டுகிறது. ஈரமான நாக்கின் மேலும் மூக்கின் உள்பரப்பிலும் காற்று ஓடி நீரை ஆவியாக்குகிறது. நுண்ணறைகளுக்கு அதிகம் போகாததால் கரியமில வாயு கரைந்துபோவதில்லை. நாம் வீணென்று கழித்த 150 மில்லியை அது குளிர்சாதனமாக்கிக்கொண்டது.

நம்மால் அந்த வேகத்தில் முடியாது. முடிந்த வேகத்தில் இரைத்தால் எவ்வளவு குளிரும்? அறையின் காற்றில் லிட்டருக்கு 21 மில்லிகிராம் நீராவி ஏற்கெனவே இருக்கிறது. நம் மூச்சு வெளியே போகும்போது சுமார் 44 மில்லிகிராம். லிட்டருக்கு 23 மில்லிகிராம்தான் உடம்பிலிருந்து போகிறது. நிமிடத்துக்கு 20 லிட்டர் வீதம் ஒரு மணி நேரம் இரைத்தாலும் மொத்தம் 28 கிராம், இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர். அதே ஒரு மணியில் தோல் ஒரு லிட்டர் வியர்வையைக் கொட்டலாம். அது முழுவதும் ஆவியானால் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். மூச்சின் பங்கு பதினாறு, பதினேழு கிலோகலோரி. தரையில் சொட்டி ஓடும் வியர்வை குளிர்விக்காது என்பதால் 580 முழுதாகக் கிடைக்காதுதான். என்றாலும் போட்டியே இல்லை.

சீதளி என்றொரு பிராணாயாமம் ஹட யோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூலில் உண்டு. நாக்கைக் குழலாக மடித்து இழுத்தால் நாக்கில் சில்லென்றிருக்கும். அந்தச் சில்லிப்பு நிஜம், மனதுக்கு இதம். உடலின் உள்வெப்பத்தை இறக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

மூக்கும் தொண்டையும்

பயிற்சியை எங்கே தொடங்குவது? சூடான அறையில் வேண்டாம். வீட்டில், பாயில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் ஒரு கை, நெஞ்சின் மேல் ஒரு கை. மூச்சு இழுக்கும்போது வயிற்றுக் கை எழ வேண்டும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசை கீழிறங்குவதன் அடையாளம் அது. நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். சத்தம் வரக் கூடாது, நிரப்பவும் கூடாது, பசியாறியதும் பந்தியிலிருந்து எழுந்துவிடுவதுபோல, தேவைக்கு மட்டும். இது அலுப்பாக ஆகும்வரை பழகிய பிறகே சூட்டுக்குப் போகலாம்.

அறைக்குள் போனதும் மூக்கை நம்புங்கள். மூக்குக்கு அப்படி ஒன்றும் மந்திரசக்தி இல்லை. அது குறுகலானது, அதுதான் விஷயம். மூச்சுப் பாதையின் மொத்தத் தடையில் ஏறத்தாழ பாதி மூக்கில் இருக்கிறது. வாயால் 18 லிட்டர் இரைப்பது சுலபம், மூக்கால் சிரமம். தானாகவே ஒரு கட்டுப்பாடு வந்துவிடுகிறது. ஓர் ஆசனத்தில் மூக்கு போதாமல் வாய் திறந்துகொண்டால், காலைச் சற்று இறக்குங்கள், முதுகைச் சற்றுக் குறைவாக வளையுங்கள். ஆசனம்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

தொண்டையைச் சற்றே இறுக்கி மெல்லிய உரசல் ஒலியோடு விடும் உஜ்ஜயிக்கும் இதே வேலைதான். குரல்வளைத் துளையைக் குறுக்கி வெளிமூச்சை நீட்டுகிறது. அந்த ஒலிக்கு இன்னொரு பயன் உண்டு. ஒலி திக்கினால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒற்றைக்கால் நிலைகளிலும் உஷ்ட்ராசனம் போன்ற பின்வளைவுகளிலும் புதியவர்கள் தம்மை அறியாமல் செய்வது இது. தம் கட்டி இறுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. சூட்டில் ஏற்கெனவே ரத்தத்தில் கணிசமான பங்கு தோலுக்குப் போய்விட்டிருக்கும். விடுவித்து எழும் நொடியில் கண் இருட்டும்.

சவாசனத்தில் மட்டும் தனிக் கவனம் தேவை. படுத்ததும் முதல் நாலைந்து மூச்சு வாயால் போகட்டும், தசை உண்டாக்கியது வெளியேறட்டும். பிறகு வாயை மூடி, வெளிமூச்சை நீட்டி, அடுத்த மூச்சுக்கு அவசரப்படாமல் காத்திருங்கள். 'இன்னும் வேண்டும்' என்று உடம்பு கெஞ்சும். அது பெரும்பாலும் சூட்டின் குரல்.

சூட்டின் குரல் எப்போது உண்மை

பெரும்பாலும் என்றேன். எப்போதும் அல்ல. மூச்சு மிஞ்சியதால் வந்த கிறுகிறுப்பு உதட்டிலும் விரலிலும் மதமதப்போடு வரும், மூச்சைக் குறைத்தால் ஓரிரு நிமிடத்தில் விலகும். தலைவலி, குமட்டல், படுத்தும் அடங்காத படபடப்பு, ஆசிரியர் சொல்வது புரிவதில் தடுமாற்றம் இவையெல்லாம் உள்வெப்பம் ஏறியதன் அடையாளங்கள். இவற்றை மூச்சால் சரிசெய்ய முடியாது. வெளியே போக வேண்டும், குளிர வேண்டும்.

அமெரிக்க உடற்பயிற்சிக் கழகம் 2015இல் வெளியிட்ட ஆய்வில், பழக்கமுள்ள 20 பேரை வெப்பமானி மாத்திரை விழுங்க வைத்து பிக்ரம் வகுப்பில் அளந்தார்கள். உச்ச உள்வெப்பத்தின் சராசரி ஆண்களுக்கு 39.6 டிகிரி, பெண்களுக்கு 38.9. ஒருவர் 40ஐத் தொட்டுவிட்டார். வெப்பத்தாக்கு பற்றி மருத்துவர்கள் கவலைப்படத் தொடங்கும் எண் அது.

இரண்டு வாரம் தொடர்ந்து போனவர்கள் "மூச்சு பிடிபட்டுவிட்டது" என்று மகிழ்வார்கள். ஓரளவு உண்மை. மீதிப் புகழ் வேறிடத்துக்குச் சேர வேண்டும். ஏழு முதல் பதினான்கு நாள் சூட்டில் உழைத்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் வருகிறது, நாடி இறங்குகிறது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் 1930களிலிருந்தே புதிய தொழிலாளர்களைப் படிப்படியாகச் சூட்டுக்குப் பழக்கி இறக்கியது இதனால்தான். விட்டுவிட்டுப் போனால் சில வாரங்களில் அந்தப் பழக்கம் கரைந்துவிடும். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வருகிறவர், மூச்சு நன்றாகவே நினைவிருந்தாலும், சூட்டைப் பொறுத்தவரை புதியவர்தான்.

சூடு கட்டாயமா என்ற கேள்விக்கு டெக்சாஸில் ஸ்டேசி ஹன்டர் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒரு பதில் தருகிறது. இதே 26 ஆசன வரிசையை 12 வாரம் ஒரு குழு சூடான அறையிலும் இன்னொரு குழு சாதாரண அறையிலும் செய்தது. ரத்தக்குழாய்களின் உள்சுவர் நலத்தில் சூடு கூடுதல் பயன் எதையும் காட்டவில்லை. கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், ரத்த அழுத்தத்துக்கு நீரிறக்கி மாத்திரை எடுப்பவர்கள் இந்த முடிவைப் படித்துவிட்டுச் சாதாரண அறையைத் தேர்ந்தெடுப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. மற்றவர்கள் கூடத்தில் சேரும் முன் இரண்டு கேள்வி கேட்கலாம்: ஈரமானி இருக்கிறதா, நடுவில் எழுந்து போனால் தடுப்பார்களா? புதியவர்களை "என்ன ஆனாலும் அறையை விட்டுப் போகாதே, படுத்துக்கொள்" என்று பணிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. முதல் கேள்விக்கு இல்லை என்றும் இரண்டாவதற்கு ஆமாம் என்றும் பதில் வந்தால் வேறு கூடம் பாருங்கள்.